பிள்ளை வளர்ப்பான்

பிப்ரவரி 5

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைப்பாண்டி வந்து கேட்டை உடைக்காத குறையாகத் தட்டினார். எங்கள் பெண்பிள்ளைகள் விடுதிக்குப் பின்னால் வயல் வைத்திருப்பவர். எங்கள் குளியலறைத் தண்ணீர், அடுப்படித் தண்ணீர் எல்லாம் அவர் வரப்பை ஒட்டித்தான் போகிறது. போகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கறுப்பாக, நுரை கட்டி, நாறிக்கொண்டு நிற்கிறது.

"நாத்து நட எறங்குன பொம்பளைய பூராவும் காலைச் சொறிஞ்சிக்கிட்டு நிக்காளுவ டீச்சர். மனு குடுக்காம நான் என்ன செய்ய?"

அவர் கொடுத்த மனுவுக்குப் பலன் கிடைத்துவிட்டது. மத்தியானமே மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன் கழிவுநீரைச் சுத்தம் செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் இங்கே பிள்ளைகளைத் தங்கவைக்கக் கூடாது.

டிரஸ்ட் செயலாளருக்குப் போன் போட்டேன். "மூடிட்டா வேலை முடிஞ்சுதுல்லா, கிருபாவதி? பிள்ளைகளை வேற போர்டிங்குக்கு மாத்திக்கிடலாம்" என்கிறார். அவருக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லிவிட்டார். நாற்பத்தோரு பிள்ளைகளில் நாற்பது பேர் எங்காவது போய்ப் படிப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முத்துக்கனி போகமாட்டாள். அவள் அம்மா பொன்னுத்தாய் போன மாதமே சொல்லிவிட்டாள்: "இந்த போர்டிங் இருக்க மட்டும் படிக்கட்டும் டீச்சர். இல்லேன்னா மில்லுக்கு அனுப்பிருவேன். இந்த முடியாத காலை வச்சுக்கிட்டு வீட்டுல வயசுப் பிள்ளையக் காவல் காக்க என்னால ஏலாது."

வருகிற வருஷம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. அந்தப் பிள்ளைமேல் எனக்குத் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. ஊறுகாய்ப் பரணியை உடைத்தது அவள்தான். ஜெப நேரத்தில் கொறட்டை விடுவதும் அவள்தான். உதாரணத்துக்குச் சொன்னேன்.

மூடினால் எனக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. நாசரேத்தில் தம்பி வீட்டு மாடியில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. நல்ல அறைதான். தகரக் கூரை.

பிப்ரவரி 12

மதுரையிலிருந்து ஆல்வின் என்று ஒரு தம்பி வந்திருக்கிறான். இந்த மாதிரி வேலையைப் படித்தவன். மோட்டார், மருந்து எதுவும் வேண்டாமாம். தொட்டியில் கசடு தங்கிவிட்டு, தண்ணீர் மட்டும் ஜல்லி நிரப்பிய படுகைக்குள் ஓடும். ஜல்லியில் செடி நடணும். மறுமுனையில் தெளிவாக வந்துவிடும். அவன் சொல்லும்போது எல்லாம் லேசாகத்தான் இருக்கிறது.

"செடி அழுக்கைத் தின்னுமாப்பா?" என்று கேட்டேன்.

"செடி இல்லம்மா. வேர்ல குடியிருக்கிற கிருமிங்க தின்னும். செடி அதுங்களுக்கு வேர் வழியா காத்து குடுக்கும், இடம் குடுக்கும். அவ்வளவுதான்."

இடம் கொடுப்பது மட்டும் என்றால் என் வார்டன் உத்தியோகம்தான். சம்பளமும் அதே அளவுதான் இருக்கும்.

ஒரே நிபந்தனை: உள்ளூர் ஈரநிலச் செடியாக இருக்க வேண்டும். வெளியூர்ச் செடி ஓடையில் இறங்கிவிட்டால் ஊரையே அடைத்துக்கொள்ளுமாம். ஆகாயத்தாமரையால் குளம் படுகிற பாட்டைப் பார்த்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பு, கோரை, நாணல், வசம்பு ஆகிய நான்கில் எது கிடைக்கிறதோ நடுங்கள் என்று சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறிவிட்டான். எது கிடைக்கிறதோ! இதென்ன சந்தையில் கத்தரிக்காயா?

பிப்ரவரி 20

தொட்டியும் இரண்டு ஜல்லிப் படுகையும் கட்டி முடித்தாயிற்று. கோரையில் ஆரம்பித்தேன். ஓடைக்கரையில் ஆளுயரத்துக்கு நிற்கிறது, காசா பணமா என்று தோண்டி வந்து முதல் படுகையில் நட்டோம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே நட்டார்கள். நாலு மணிக்கு வெள்ளைப்பாண்டி வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"கோரையவா நடுதிய? கோரையவா? எங்கப்பன் காலத்துலேர்ந்து அதைப் பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு ஒடிஞ்சி கெடக்கேன். நீங்க வேலி போட்டு வளக்கியளே! சாக்கடைத் தண்ணியே தேவலை டீச்சர். அது நாறும், அவ்வளவுதான். இது குடியக் கெடுத்துரும்."

"அது வயல் கோரை, இது வேற கோரை."

"எல்லாக் கோரையும் கோரைதான்."

"எல்லாப் பாண்டியும் பாண்டியா?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே. அவர் இன்னொரு மனு கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகளை வைத்தே சாயங்காலம் கோரையைப் பிடுங்கினேன். பிடுங்கும்போது ஒருத்தியும் பாடவில்லை.

பிப்ரவரி 28

சரி, சம்பு. குளத்தில் காடாக நிற்கிறது. இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, "ரெண்டு வண்டி சம்பு அறுத்துட்டு வாங்க" என்றேன். அறுத்துத்தான் கொண்டுவந்தார்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, அரிவாளால், அழகாக, ஒரே சீராக. ஒன்றில்கூட வேர் இல்லை.

"வேரு எங்கப்பா?"

"நீங்க அறுக்கத்தானே சொன்னிய. பிடுங்கச் சொல்லலியே."

நல்ல நியாயம். முட்டாள்தனம் யாருடையது என்று யோசித்தால் என்னுடையதாக வந்துவிடும்போலிருந்தது, யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன். பிறகு வேரோடு பிடுங்கி வரலாம் என்று பார்த்தால், மீன் ஏலம் எடுத்தவர் இனி யாரும் குளத்தில் கால் வைக்கக் கூடாது என்கிறார். குஞ்சு விட்டிருக்கிறாராம்.

முத்துக்கனி அறுத்த சம்பை எடுத்து விடுதி வாசலில் தோரணம் கட்டிவிட்டாள். "சும்மா கெடக்கு டீச்சர், அழகுக்கு." அவளைத் திட்டினேன். அவிழ்க்கச் சொல்ல மறந்துவிட்டது.

மார்ச் 4

செயலாளர் காரில் வந்து இறங்கினார். டிக்கி நிறையக் கல்வாழை. சிவப்பு, மஞ்சள். அவர் வீட்டம்மா தோட்டத்தில் பறித்தது. "இதை நடு, பூத்தா போட்டோவுக்கு நல்லா இருக்கும்" என்றார். ஆல்வினுக்குப் போன் போட்டேன். கல்வாழை நம்ம ஊர்ச் செடி இல்லையாம். செயலாளரிடம் சொன்னேன். முகம் கல்வாழை மாதிரியே சிவந்துவிட்டது. மனைவி கொடுத்ததைத் திரும்பக் கொண்டுபோக முடியாது என்று வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். அது இப்போது வாசல் தொட்டிகளில் இருக்கிறது. செடி என்ன பாவம் செய்தது.

நாணலுக்கு ஆற்றங்கரை வரை போய்ப் பார்த்தேன். மணல் அள்ளிய குழிதான் இருக்கிறது.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

மார்ச் 7

பாக்கி இருப்பது வசம்பு ஒன்றுதான். சாயங்காலம் சமையல்காரி தங்கபுஷ்பத்திடம், "வசம்பு எங்கே கிடைக்கும்?" என்றேன். கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"டீச்சர்! வெளக்கு வச்ச நேரத்துல அந்தப் பேரச் சொல்லாதிய. பச்சப் பிள்ளை இருக்க எடம்."

அவள் மகள் பிரசவம் முடிந்து அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற அறையில்தான் இருக்கிறாள். பேரன் பிறந்து இன்னும் மாதம் ஆகவில்லை. இருட்டினபின் வசம்பு என்று சொன்னால் மருந்துக்குப் பலிக்காதாம், பிள்ளைக்கும் ஆகாதாம். "பேர் சொல்லாதது" என்று சொல்லணும். இல்லையென்றால் "பிள்ளை வளர்ப்பான்". ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்து "அல்லேலூயா" சொல்கிறவள் பேசுகிற பேச்சா இது? இருபது நிமிஷம் அவளுக்குப் பிரசங்கம் செய்தேன். படித்தவர்கள் நாம்தான் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மார்ச் 8

தென்காசியில் சங்கரலிங்கம் அண்ணாச்சி என்று ஒருவர், மருந்துக்கடைகளுக்கு மூலிகை கொடுக்கிறவர். பகல் முழுக்க லைன் கிடைக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு அவரே கூப்பிட்டார். அந்த நேரம் தங்கபுஷ்பத்தின் பேரன் என் மடியில் கிடந்தான். அவள் மகள் குளிக்கப் போயிருந்தாள், வேறு யாரும் இல்லை, அதனால் வாங்கி வைத்திருந்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான்.

"என்னம்மா வேணும்?" என்றார்.

வாய் வரை வந்தது. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை வளர்ப்பான் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கே. எவ்வளவு?"

"ஒரு மூட்டையாவது வேணும்."

"மூட்டையா! எத்தனை பிள்ளைக்கும்மா?"

"நாப்பத்தோரு பிள்ளைக."

அந்தப் பக்கம் யாரிடமோ, "நாப்பத்தோரு பிள்ளையாம்டே" என்று சொல்வது கேட்டது. பிறகு, "ஆண்டவன் ஒங்களுக்குப் பெரிய மனசக் குடுத்திருக்காம்மா. அனுப்பி வைக்கேன்" என்றார். நல்ல மனுஷன்.

தங்கபுஷ்பம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று விளக்கினேன். இன்னும் சிரித்தாள்.

மார்ச் 11

மூட்டை வந்தது. ஒரு நாட்டு மருந்துக்கடையே வந்து இறங்கினதுபோல விடுதி பூராவும் வாசனை. அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் காய்ந்த வேர். கட்டை கட்டையாக. விறகுக்கும் ஆகாது.

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். முத்துக்கனி ஒரு துண்டை மோந்து பார்த்துவிட்டு, "இனி நம்ம ஜில்லாவுல எந்தப் பச்சப்பிள்ளைக்கும் வயித்துவலி வராது டீச்சர்" என்றாள். எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறதுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உள்ளே போய்விட்டேன். மார்ச் பாதியாகப்போகிறது. படுகை மொட்டையாகக் கிடக்கிறது. செடி பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்கிறான் ஆல்வின். யாருக்கு வந்த விருந்தோ என்று செயலாளர் இருக்கிறார். நான் ஒருத்தி கிடந்து அல்லாடுகிறேன்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "செடி கேட்டேன் அண்ணாச்சி, செடி!"

"செடின்னா வசம்புன்னுல்லா சொல்லணும்? பிள்ளை வளர்ப்பான்னா உரசிக் குடுக்கிற வேருதானேம்மா. செடிக்கு ஏது அந்தப் பேரு?"

பட்டப்பகல் பதினொரு மணி. "வசம்பு! வசம்பு! வசம்பு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். தங்கபுஷ்பம் ஓடிப்போய்ப் பேரனின் காதைப் பொத்தினாள்.

மார்ச் 19

அண்ணாச்சி வாக்குத் தவறவில்லை. மலையடிவாரத்தில் சதுப்பில் வசம்பு போட்டிருக்கிற ஒருவரைப் பிடித்து, வேரோடும் சேறோடும் ஒரு டெம்போ அனுப்பிவிட்டார். காய்ந்த மூட்டையைத் திருப்பி வாங்கமாட்டேன் என்கிறார், அது பிள்ளைகளுக்குக் காணிக்கையாம்.

பச்சை வாள் மாதிரி இலை. கிள்ளினால் அதே வாசனை. இரண்டு படுகையும் நட்டாயிற்று. வெள்ளைப்பாண்டி வரப்பில் நின்று பார்த்தார். ஏதாவது சொல்லட்டும் என்று நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

"இது கோரை இல்லியே?"

"இல்லை."

"அப்பம் சரி." போய்விட்டார். சண்டைக்குத் தயாராக நிற்கிறவளை இப்படியா விட்டுப்போவது?

ஏப்ரல் 9

பிடித்துவிட்டது! கணுக்கணுவாகத் தளிர். மறுமுனையில் வருகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். குடிக்கமாட்டேன், ஆனால் டம்ளர் வழியாகக் கையின் ரேகை தெரிகிறது. வெள்ளைப்பாண்டியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். மோந்தார். "ம்" என்றார். அந்த "ம்"முக்காக இரண்டு மாதம் பாடுபட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 25

பரீட்சை முடிந்து எல்லாரும் ஊருக்குப் போயாயிற்று. தங்கபுஷ்பத்தின் மகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். பொன்னுத்தாய் காலை இழுத்துக்கொண்டு வந்து முத்துக்கனியைக் கூட்டிப்போனாள். மில் ஏஜென்ட் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டானாம்.

"ஜூன்ல தெறக்கும்லா டீச்சர்? நிச்சயமா சொல்லுங்க. அவன்ட்ட நான் பதில் சொல்லணும்."

"திறக்கும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

முத்துக்கனி கேட்டைத் தாண்டியும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "வசம்புக்குத் தண்ணி ஊத்துங்க டீச்சர்" என்று கத்தினாள். எனக்குச் சொல்லித்தருகிறாள், பெரிய மனுஷி.

விடுதி நிம்மதியாக இருக்கிறது. ஒரு சத்தம் இல்லை.

ஏப்ரல் 30

ஒரு சத்தம் இல்லை.

மே 8

வசம்பு மஞ்சளடிக்கிறது. குழாயைத் திறந்து படுகை நிறையத் தண்ணீர் விட்டேன். இன்னும் மஞ்சளடிக்கிறது. ஆல்வினைப் போனில் பிடித்தேன்.

"நல்ல தண்ணி விட்டா போதாதும்மா. அழுக்கு வேணும். அழுக்கு இல்லேன்னா வேர்ல இருக்கிறதெல்லாம் பட்டினி. ஜூன்ல பிள்ளைங்க வந்து மொத்தமா ஊத்தும்போது தாங்காது."

"பிள்ளைகள்தான் இல்லையேப்பா. நானும் தங்கபுஷ்பமும் எவ்வளவு அழுக்காக முடியும்?"

சிரிக்கிறான். எனக்கு எரிகிறது. அழுக்கை ஒழிக்க வேண்டும் என்று உத்தரவு. இப்போது அழுக்குக்கு அலைய வேண்டும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? இரண்டு வேளை குளிக்கிறேன். துவைத்த சேலையையே மறுபடி துவைக்கிறேன். ஒருத்தி குளித்து அது எப்படிப் பிழைக்கும்? இந்த இடத்தில் நாற்பது பிள்ளைகள் சத்தம் போட்டுக் குளிக்க வேண்டும். இல்லையென்றால் எதுவும் பிழைக்காது. செடியைத்தான் சொல்கிறேன்.

மே 12

மானத்தை விட்டு வெள்ளைப்பாண்டி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கோமதி முற்றத்தில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். தெருக்குழாயில் நாலு நாளாகத் தண்ணீர் இல்லை என்று புலம்பினாள்.

"எங்க விடுதிக்கு வந்து துவையேன். போர்வெல் தண்ணீர் இருக்கு. தெருவில் யாருக்கு வேணும்னாலும் வரலாம்."

வெள்ளைப்பாண்டி உள்ளேயிருந்து, "இது என்ன கூத்து? சாக்கடையை நிப்பாட்டச் சொல்லி மனு குடுத்தவன் வீட்டு அழுக்கையே கேக்க வந்திருக்கியளே" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். செடி பட்டினி கிடக்கிறது என்று சொல்லும்போது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புழுதிதான் காரணம். கோமதி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, ஊறின துணியை அப்படியே வாளியோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க டீச்சர். எங்க வீட்டுல அழுக்குக்கா பஞ்சம்? இவரு வேட்டி ஒண்ணு போதும்."

மே 24

தெருப் பெண்கள் எல்லாம் காலையும் மாலையும் இங்கேதான். அடிக்கிற அடியில் துவைக்கிற கல் உடையாதது அதிசயம். யார் மருமகள் யாரை என்ன சொன்னாள் என்று எல்லாம் எனக்கும் தெரிந்துவிட்டது. வேலைக்கு இடைஞ்சல்தான். வசம்பு மறுபடி பச்சை பிடித்துவிட்டது.

வெள்ளைப்பாண்டி மறுமுனைத் தண்ணீரைக் கேட்காமலே தன் கத்தரிக்குத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜூன் 2

ஆபீசர் வந்தார். எல்லாம் சுற்றிப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இப்ப எத்தனை பேர் தங்கியிருக்கீங்க?"

"ரெண்டு பேர் சார்."

"அப்ப இந்தத் தண்ணிய டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம்? நாப்பது பேர் உபயோகம் பண்ணும்போது எடுத்தாத்தான் கணக்கு."

"நாற்பது பேர் வரணும்னா நீங்க அனுமதி தரணுமே?"

"டெஸ்ட் பாஸானாத்தானே அனுமதி?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். எனக்குத் தலை சுற்றியது. நோட்டீஸை அவர் முன்னாலேயே கிழித்துப்போடலாமா என்று வந்தது. பிப்ரவரியிலிருந்து நாய் படாத பாடு பட்டது இதைக் கேட்கவா? "நாளை கழித்து இந்தப் பக்கம் வருவேன். லோடு இருந்தா எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். லோடு! பிள்ளைகள் அவருக்கு லோடு.

கேட்டில் நின்று நான் கத்தினதை வெள்ளைப்பாண்டி வயலிலிருந்தே கேட்டிருக்கிறார். "என்னவாம்?" என்றார். சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாப்பது பேரு குளிக்கணும். அவ்வளவுதான?"

ஜூன் 4

கர்த்தரே, இப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. ஏழு மணிக்குத் தெருவே சோப்புடப்பாவோடு வந்து நின்றது. பெண்கள் குளியலறையில், ஆண்கள் பின்பக்கத் தொட்டியடியில். கல்யாண வீட்டுக் கூட்டம். கோமதி பெரிய அண்டாவில் எண்ணெய்ப் பாத்திரமாகக் கொண்டுவந்து தங்கபுஷ்பத்தோடு தேய்த்துத் தள்ளினாள். மனு கொடுத்த மனுஷன் முதல் ஆளாக நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டு, "வெக்கப்படாம ஊத்துங்கடே! நாள்பூரா வேர்வையில கெடக்கவன்தான, இன்னைக்கு ஒருநாள் மனுசனா ஆவுங்க!" என்று சத்தம் போட்டார்.

ஆபீசர் வந்தபோது படுகையின் வாய்க்குள் கறுப்பாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மறுமுனையில் பாட்டிலில் பிடித்தார். முன்பு பார்த்த அளவுக்குத் தெளிவாக இல்லை, லேசான கலங்கல். "ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பிள்ளைங்களைச் சேர்க்காதீங்க" என்றார்.

பள்ளிக்கூடம் ஒன்பதாம் தேதி திறக்கிறது என்றேன். அது அவர் கையில் இல்லையாம். யார் கையில் என்று அவரும் சொல்லவில்லை.

ஜூன் 9

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. விடுதி திறக்கவில்லை. பொன்னுத்தாய் போன் செய்தாள். ரிசல்ட் வரட்டும், நாலு நாள் பொறு என்றேன். "நீங்க ஜூன்ல தெறக்கும்னிய. ஏஜென்ட் வேனோட வந்து நிக்கான் டீச்சர்" என்றாள். பொறு, பொறு, பொறு என்று மூன்று தடவை சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 12

பாஸ். பாஸ்! எல்லா அளவும் வரம்புக்கு உள்ளே. செயலாளர் போட்டோ எடுக்க வருகிறாராம். தாராளமாக வரட்டும், கல்வாழை பூத்துத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பொன்னுத்தாய் வீட்டுக்கு மட்டும் கடைசியாகப் போட்டேன், நிதானமாகப் பேசலாம் என்று.

"செவ்வாக்கிழமையே வேன்ல ஏத்தி விட்டுட்டேனே டீச்சர்."

ஜூன் 13

பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெட்டியும் வாளியும் சத்தமும். ஒரு பிள்ளை வந்தவுடன் பின்பக்கம் ஓடி, "வசம்பு எவ்வளவு ஒசரம்!" என்றது. பெயர்களைக் கூப்பிட்டு வந்தேன். ஒரு பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மூக்கடைப்பு.

படுகை நன்றாக வேலை செய்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. யாருக்காக நட்டேன் இதை? நாற்பது பேருக்காகத்தான். நாற்பது பேர் வந்துவிட்டார்கள். பிறகு என்ன?

ஜூன் 14

பொன்னுத்தாய் வீட்டுக்கே போனேன். என்னைக் கண்டதும் அழுதாள். "கூட்டிட்டு வரத்தான் நெனைக்கேன் டீச்சர். இந்தக் காலோட அம்புட்டுத் தூரம் எப்படிப் போவேன்? மில்லு போனையும் யாரும் எடுக்கல. நீங்க போங்களேன். ஒங்க பிள்ளை மாதிரிதான."

மாதிரி என்ன மாதிரி, நான் வார்டன் என்றேன். மில் இருக்கிற இடத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 16

திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பாதி பஸ்ஸின் குற்றம். மீதி, என் வலது தோளில் தலையைப் போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற முத்துக்கனியின் குற்றம்.

மில் வாசலில் வாட்ச்மேன் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலிகூடப் போட்டார். ஆனால் விடமாட்டேன் என்றார்.

"நீங்க புள்ளைக்கு யாரும்மா?"

"டீச்சர். அவள் விடுதி வார்டன்."

"டீச்சருக்கெல்லாம் அனுப்ப முடியாதுங்க. பெத்தவங்க வரணும். அம்மாவோ அப்பாவோ."

அவள் அம்மாவுக்குக் கால் முடியாது என்றேன். பத்தாம் வகுப்பு, பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்றேன். கெஞ்சினேன். பிறகு கத்தினேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பெரிய மனிதர்களின் பெயரையும் சொன்னேன், செயலாளர் பெயரைக்கூட. அவர் கை இரண்டையும் விரித்து, "ரூல்ஸ்ங்க" என்றார். அம்மா என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்போது அது தோன்றவே இல்லை. அந்தச் சொல் எனக்கு வாய்ப்பழக்கம் கிடையாது.

ஷிப்ட் முடிந்து பிள்ளைகள் உள்கேட் பக்கம் வந்தார்கள். எல்லாத் தலையிலும் பஞ்சு. அதில் எது நம்முடையது என்று தேடினேன். இளைத்திருந்தாள். கம்பிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். குறுக்கே நீட்டியிருந்த வாட்ச்மேனின் கையைப் பார்த்தாள். அவர் இன்னும் "அம்மா வந்தாத்தான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம்மா!" என்று மில்லே கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்தினாள். "இப்பந்தான் ஒனக்கு வர வழி தெரிஞ்சுதா?"

வாட்ச்மேன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப அம்மா வந்தாச்சுங்க" என்று கையை இறக்கினார். யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ரோடுதான் கிடந்தது. ஆள் யாரும் இல்லை.